நடுக்கடலில் நமக்குச் சரணம் யாது?

திருவனந்தபுரத்துக் கிழக்கே கோட்டை வாயிலருகே, பழவங்காடியில் சிறிது நேரம் நிற்போர்க்கு ஓர் ஓசை இடைவிடாது கேட்கும். அது கணபதி கோயிலில் தேங்காய் உடைபடும் ஓசை. தேர்வெழுதச் செல்லும் மாணவனும், புதுக்கணக்குத் தொடங்கும் வணிகனும், நோயாளியை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு வரும் உறவினனும் அங்கே ஒரு தேங்காயை உடைத்துவிட்டே தம் வழிச் செல்வர். எதிரே சாலைக் கடைத்தெருவில் தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும். மேற்கே சில மைல் சென்றால் அரபிக்கடல்.

சில மாதங்களுக்கு முன் அப்பகுதியில் வாழும் நம் அன்பர் ஒருவரின் மகன் நம்மைக் காண வந்தான். பெற்றோருடன் பௌத்தம் தழுவியவன். 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் வழங்கிய இருபத்திரண்டு உறுதிமொழிகளையும் தன் வாயாற் சொல்லி ஏற்றவன். கணபதி முதலிய தெய்வங்களை வழிபடேன் என்பது அவற்றுள் ஒன்றென்பதை நம் அன்பர்கள் அறிவர். அவன் தாயாருக்கு அறுவை சிகிச்சை நடக்கவிருந்த நாளன்று காலை, மருத்துவமனைக்குச் செல்லும் வழியில், தன்னை அறியாமலே பழவங்காடியில் ஒரு தேங்காயை விலைக்கு வாங்கிவிட்டான். சிறுவயதில் பாட்டியின் கைபிடித்து வந்த பழக்கம் அது. கோயில் முன் நின்றான். கை எழவில்லை. உறுதிமொழி நினைவுக்கு வந்தது. தேங்காயைப் பையில் இட்டுக்கொண்டு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் போய் அமர்ந்தான். அன்று பகல் முழுவதும் தனக்கு மேலே வெறும் வானமும் கீழே ஆழமும் மட்டுமே இருந்தன என்று நம்மிடம் சொன்னான்.

அந்தப் பொழுதைக் கழிக்க நண்பன் ஒருவன் அவனிடம் ஒரு கதைநூலைக் கொடுத்திருந்தான். கனடா நாட்டு எழுத்தாளர் யான் மார்ட்டெல் ஆங்கிலத்தில் எழுதி 2001இல் வெளிவந்த ‘லைஃப் ஆஃப் பை’ என்னும் புதினம் அது. 2002இல் புக்கர் பரிசு பெற்றது. 2012இல் ஆங் லீ அதனைத் திரைப்படமாக்கினார். புதுச்சேரித் தெருக்களிலும் அப்படம் எடுக்கப்பட்டது. கதையின் தலைவன் புதுச்சேரியில் வளர்ந்த பதினாறு வயதுச் சிறுவன். குடும்பத்துடன் கனடாவுக்குச் செல்லும் வழியில் கப்பல் மூழ்குகிறது. பெற்றோரையும் உடன்பிறந்தானையும் கடல் கொள்கிறது. உயிர்காக்கும் படகொன்றில் அவன் 227 நாட்கள் பசிபிக் கடலில் மிதக்கிறான். அவனோடு அப்படகில் எஞ்சி நிற்பது ஒரு வங்கப் புலி.

நூலை நம்முன் வைத்துவிட்டு அவன் கேட்டான்: “ஐயா, இந்தச் சிறுவன் இந்து சமயம், கிறித்தவம், இசுலாம் ஆகிய மூன்றையும் போற்றியவன். நடுக்கடலில் அழைப்பதற்கு அவனுக்கு மூன்று பெயர்கள் இருந்தன. அன்று தாழ்வாரத்தில் எனக்கு ஒரு பெயரும் இல்லை. நாம் யாரை அழைப்பது?”

நாம் உடனே விடை கூறவில்லை. சரணம் புகுந்த நம்மில் எத்தனை பேர் இதே வினாவை வெளியில் சொல்ல நாணி நெஞ்சில் அடைத்து வைத்திருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தோம். பழைய துறையை விட்டுப் புறப்பட்டுவிட்டோம். புதிய கரை கண்ணுக்குத் தெரியவில்லை. இடையில் புயல் வருகிறது. இது அவ்விளைஞன் ஒருவனுடைய நிலை மட்டுமன்று. ஆதலின் அவனுக்குச் சொன்ன விடையை இங்கே எல்லார்க்கும் பொதுவாக வைக்கின்றோம்.

முதலாவது, அவன் கையை நாம் பழிக்கவில்லை. நீங்களும் பழித்தல் வேண்டா. தேங்காயை வாங்கிய கை தாயின்மீது கொண்ட அன்பால் வாங்கியது. அச்சமுற்றவர் மலையையும் மரத்தையும் கோட்டத்தையும் புகலிடமாக நாடுவது உலகத்து இயல்பு என்பதைப் புத்த பகவான் நன்கறிந்தே பேசினார். நாடியவரை அவர் எள்ளவில்லை. அவ்விடங்கள் துன்பத்தின் வேரை அறுக்கமாட்டா என்று மட்டுமே காட்டினார்.

ஏன் அறுக்கமாட்டா? கடலில் தவிப்பவனைக் கொண்டே இதனை உணரலாம். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அதனைக் குடித்தவனுடைய உடல் அவ்வுப்பை வெளியேற்றக் குடித்த நீரினும் மிகுதியான நீரைச் செலவிட வேண்டும். எனவே குடிக்கக் குடிக்க நாவறட்சி மிகுமேயன்றிக் குறையாது. சுற்றிலும் நீர் இருக்க, அதனைத் தொடாதிருக்கும் அடக்கமே கடலில் அகப்பட்டவனை முதலில் காப்பது. நம் சமயத்தில் துன்பத்துக்குக் காரணமாகச் சொல்லப்படும் ‘தண்ஹா’ என்னும் பாலிச் சொல்லுக்கு முதற்பொருள் நீர்வேட்கை என்பதே. அச்சம் வரும்போதெல்லாம் அதனைத் தணிக்க ஒரு பேரம் பேசுவோமாயின் அது கடல்நீர் குடித்தலை ஒக்கும். இன்று ஒரு தேங்காய் தந்த அமைதி நாளை பதினொன்று கேட்கும்.

இதனைக் கோயிலுக்குச் செல்வோர்க்கு மட்டும் சொல்வதாக எவரும் கருத வேண்டா. புத்தர் சிலைமுன் மெழுகுவர்த்தி ஏற்றி, “என் மகனுக்கு வேலை கிடைத்தால் இன்னது செய்வேன்” என்று வேண்டுவோர் நம்மிடையிலும் உளர். அது பெயரை மாற்றிக்கொண்ட பழைய அச்சமே. விளக்கேற்றுவதில் தவறில்லை, விலை பேசுவதே தவறு.

அவ்வாறாயின் நடுக்கடலில் நாம் செய்யத்தக்கது என்ன? இவ்வினா நம் முன்னோர்க்குப் புதியதன்று. கடலோடிகளின் சமயமாகப் பரவிய பௌத்தம் கப்பல் உடைந்த கதைகளை நிரம்பவே சுமந்து வந்துள்ளது. அவற்றுள் சிலவற்றை நினைவுகூர்வோம்.

மகாசனக சாதகத்தில் வரும் அரசிளங்குமரனும் புதுச்சேரிச் சிறுவனைப் போலவே இளைஞன். தந்தையின் நாட்டை மீட்கப் பொருள் தேடிச் சுவர்ணபூமிக்குக் கப்பலேறுகிறான். ஏழாம் நாள் கலம் உடைகிறது. மற்றையோர் அழுது அரற்றித் தத்தம் தெய்வங்களை அழைக்கின்றனர். அவனோ கலம் மூழ்கப்போவதை அறிந்ததும் சர்க்கரையும் நெய்யும் கலந்து வயிறார உண்டு, ஆடையில் எண்ணெய் தோய்த்து உடுத்து, பாய்மரத்தின் உச்சியிலிருந்து கலத்துக்கு அப்பால் தாவுகிறான். ஏழு நாட்கள் நீந்துகிறான். கடலில் நல்லோரைக் காக்கும் பொறுப்புடைய மணிமேகலா தெய்வம் ஏழு நாட்கள் கழித்தே அவனை நினைக்கிறது. வந்ததும் உடனே தூக்கிவிடவும் இல்லை; கரை தெரியாத கடலில் வீணே ஏன் கையடிக்கிறாய் என்று வினவுகிறது. கரை தெரியாவிடினும் முயற்சியைக் கைவிடாதவன் உற்றார்க்கும் பெற்றோர்க்கும் கடன்பட்டவன் ஆகான் என்னும் கருத்தில் அவன் விடை கூறுகிறான். அதன் பின்னரே அத்தெய்வம் அவனைக் கரை சேர்க்கிறது.

இக்கதையில் தெய்வம் இருக்கிறதே என்பீர்கள். ஆம், இருக்கிறது, ஆயினும் எப்போது வந்தது என்பதைக் கவனியுங்கள். அழைத்தவர்களிடம் அது வரவில்லை; நீந்தியவனிடம் ஏழு நாள் தாழ்த்து வந்தது. அது வரும்வரை அவனைத் தாங்கியவை உண்ட உணவும், தோய்த்த எண்ணெயும், தளராத தோளுமே.

முயற்சி ஒன்றே போதுமா எனின், போதாது. இங்கே நம் தமிழ்க் காப்பியமாகிய மணிமேகலை நமக்குத் துணையாகிறது. அதனை இயற்றிய சாத்தனார் மதுரையில் கூலவாணிகம் செய்தவர். பழவங்காடியிலும் சாலையிலும் தவசம் விற்போர்க்குத் தொழிலால் உறவினர். அங்காடியில் அமர்ந்தவர் கடலில் தவித்தவர்களைப் பற்றி எழுதிய கதைகள் அவை.

காவிரிப்பூம்பட்டினத்துச் சாதுவன் கணிகை வீட்டிலும் சூதாட்டத்திலும் பொருளைத் தொலைத்தவன். மனைவி ஆதிரையைக் கைவிட்ட பின் வணிகரோடு கலமேறினான். கலம் உடைந்தது, ஒடிந்த மரத்துண்டொன்றைப் பற்றி நாகர் வாழும் மலைப்பக்கத்தை அடைந்தான். அவர்கள் மனிதரை உண்போர். அயர்ந்து உறங்கிய அவனை எழுப்பியபோது அவர்தம் மொழியிலேயே அவன் பேசினான். தம் மொழி பேசும் ஒருவனை உண்ண அவர்கட்குக் கை எழவில்லை. தலைவனிடம் அழைத்துச் சென்றனர். தலைவன் கள்ளும் ஊனும் பெண்ணும் கொடுக்க முன்வந்தான். பசியால் வாடியிருந்தும் சாதுவன் மறுத்தான். ஏன் மறுக்கிறான் என்று கேட்டவனுக்கு வினையையும் மறுபிறப்பையும் எடுத்துரைத்தான். நாங்கள் எவ்வாறு வாழ்வது என்று தலைவன் வினவினான். அதற்குச் சாதுவன் சொன்ன அறத்தை உற்று நோக்குக: இனிக் கலம் உடைந்து உயிர்பிழைத்து இக்கரைக்கு வருவோரைக் கொல்லாது காப்பாற்றுக என்றான்.

அன்பர்களே, கலம் உடைந்து அன்றுதான் கரையேறிய ஒருவன், அஞ்சி நடுங்க வேண்டிய நேரத்தில், தனக்குப் பின் வரப்போகும் கலம் உடைந்தோர்க்காகப் பேசுகிறான். தன்னை மட்டும் விட்டுவிடுக என்று அவன் மன்றாடவில்லை. நடுக்கடலில் நாம் யாரை அழைப்பது என்னும் வினாவுக்கு இதிலேயே பாதி விடை அடங்கியிருக்கிறது.

மற்றப் பாதியை ஆபுத்திரன் காட்டுகிறான். எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபி அவன் கையில் இருந்தது. சாவக நாட்டில் பஞ்சம் என்று கேட்டு அங்குள்ளோர்க்கு உணவளிக்கக் கப்பலேறினான். காற்றின் காரணமாக மணிபல்லவத் தீவில் கலம் ஒருநாள் தங்கியது, அவன் இறங்கினான். அவன் ஏறிவிட்டான் என்று எண்ணி இரவில் கலத்தைச் செலுத்திவிட்டனர். மக்களில்லாத தீவில் அவன் தனியனானான். பசி தீர்க்கும் பாத்திரம் கையிலேயே இருந்தது. அவன் ஒருவன் உண்டு எத்தனை ஆண்டுகளும் வாழலாம். ஆயினும் பலர் பசி தீர்க்க வந்த கலத்தைத் தன் ஒருவன் வயிற்றுக்கு ஆக்க அவன் ஒருப்படவில்லை. ஆண்டுக்கு ஒருநாள் வெளிப்பட்டு, அருளறம் பூண்டோர் வரின் அவர் கையிற் சேர்க என்று அதனைக் கோமுகிப் பொய்கையில் இட்டுவிட்டு, உண்ணாது உயிர்நீத்தான்.

உயிரை விடுமாறு நாம் எவர்க்கும் சொல்லவில்லை. காப்பியத்தை அவ்வாறு படிக்கவும் கூடாது. ஆபுத்திரன் பிழைக்கவில்லை என்பதையே இங்குச் சுட்டுகின்றோம். அறவோன் எப்போதும் கரை சேர்வான் என்று நம் நூல்கள் பொய் சொல்லவில்லை. சாதுவன் மீண்டான், ஆபுத்திரன் மீளவில்லை. இருவரும் தம் துன்பத்திற்குள் நின்றுகொண்டே பின்வருவோரை நினைத்தனர் என்பதே அவர்க்குள் பொது.

பின்வந்தவள் யார்? அவளும் ஓர் இளம்பெண். மணிமேகலா தெய்வம் உறக்கத்தில் எடுத்துச் சென்று வைக்க, விழித்தெழுந்தபோது மணிபல்லவத்தில் தன்னந்தனியளாய் நின்று அழுதவள் மணிமேகலை. யாழ்ப்பாணத்தை அடுத்த நயினாதீவே அத்தீவு என்று கருதுவோர் உளர். அங்கே அவள் புத்த பீடிகையைக் கண்டாள். ஆபுத்திரன் விட்டுச்சென்ற பாத்திரமும் அவள் கைக்கு வந்தது. பூம்புகார் மீண்டு அதில் முதற்பிச்சை பெறச் சென்றது எவர் வீட்டுக்கு? சாதுவன் மனைவி ஆதிரையின் வீட்டுக்கு. கடலில் கைவிடப்பட்டவனின் பாத்திரத்தில் கடலிலிருந்து மீண்டவனின் மனைவி முதற்சோறு இட்டாள். அதன் பிறகு அப்பாத்திரம் ஊரின் பசியையெல்லாம் தீர்த்தது. சிறைக்கோட்டமும் அறக்கோட்டம் ஆயிற்று.

இவை பழங்கதை என்று ஒதுக்குவோர்க்கு நம் கண்முன் நடந்ததைக் காட்டுகின்றோம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரி முனையருகே வீசியபோது, திருவனந்தபுரத்துப் பூந்துறை, விழிஞ்ஞம் முதலிய ஊர்களிலிருந்தும், குமரி மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய ஊர்களிலிருந்தும் முன்னரே கடலுக்குச் சென்றிருந்த மீனவர் அதில் அகப்பட்டனர். சிலர் கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டு நாள்கணக்கில் மிதந்து மீண்டனர். நூற்றுக்கணக்கானோர் மீளவே இல்லை. கரையில் காத்திருந்த பெண்கள் அழைக்காத பெயரில்லை. அவர்கள் அழைப்பில் குறையிருந்தது என்று சொல்லும் நா நமக்கு இல்லை.

ஓராண்டு நிறைவதற்குள், 2018 ஆகஸ்டில், கேரளத்தில் பெருவெள்ளம் வந்தது. செங்ஙன்னூர் முதலிய உள்நாட்டு ஊர்கள் நீரில் மூழ்கின; வீட்டுக் கூரைமேல் மக்கள் தவித்தனர். அப்போது அந்தக் கடற்கரை ஊர்களின் மீனவரும் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு, அறியாத ஊர்களுக்கு, அறியாத மக்களைக் காக்கச் சென்றனர். கேரளக் கடற்கரை முழுவதிலுமிருந்து 600க்கும் மேற்பட்ட படகுகள் அப்பணியில் ஈடுபட்டன. பல்லாயிரவர் உயிர் பிழைத்தனர். மலப்புறம் மாவட்டத்தில் ஒரு மீனவர் வெள்ளத்தில் மண்டியிட்டுக் குனிந்து, பெண்கள் படகில் ஏறத் தம் முதுகையே படியாக்கினார். தன் கூட்டம் தப்பிச் செல்லத் தன் உடலையே பாலமாக்கிய குரங்கரசனின் சாதகக் கதையை அறிந்த நமக்கு அக்காட்சி புதியதாகத் தோன்றவில்லை.

அம்மீனவர் பௌத்தரல்லர். பலர் கிறித்தவர், சிலர் முசுலிம்கள். அறம் நம் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலுக்குள் அடங்குவதன்று என்பதை நாம் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்ள வேண்டும். கடலில் கைவிடப்பட்டவர்களின் ஊரே வெள்ளத்தில் கைவிடப்பட்டவர்களுக்குக் கரையாயிற்று. சாதுவன் சொன்ன அறத்தைச் சாதுவனைப் படியாதவர்கள் செய்துகாட்டினர்.

இளைஞன் கொணர்ந்த நூலுக்குத் திரும்புவோம். அச்சிறுவன் அழைத்த தெய்வங்கள் அவனைக் காத்தனவா என்பதைக் கதை முடிவாகச் சொல்வதில்லை. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது. புலிக்கு நாள்தோறும் மீன் பிடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அதற்கும் குடிநீர் சேர்க்க வேண்டியிருந்தது. அதனைப் பழக்கி அடக்க வேண்டியிருந்தது. அந்த வேலைதான் அவனை நம்பிக்கையிழந்து படுத்துவிடாமல் காத்தது என்று அவனே உணர்கிறான். கொல்லக்கூடிய ஒன்றுக்கு உணவூட்டும் கடமை அவனுக்கு உயிரூட்டியது. தன்னைத் தவிர மற்றோர் உயிரைப் பேணும் பொறுப்பு கையில் உள்ளவரை ஒருவன் முழுவதும் தனியனாவதில்லை.

பகவான் தம் இறுதிக் காலத்தில், நோயுற்றிருந்தபோது, ஆனந்தருக்கு அறிவுறுத்தியதையும் இங்கு நினைத்தல் தகும். தம்மையே தமக்கு ‘தீபம்’ ஆக்கிக்கொள்க, தம்மத்தையே புகலாகக் கொள்க என்பது அதன் கருத்து. பாலியில் ‘தீப’ என்னும் சொல்லுக்கு விளக்கு என்றும் தீவு என்றும் இரு பொருளுண்டு. நாம் பெரும்பாலும் விளக்கு என்றே பொருள் கொண்டு பழகிவிட்டோம். கடலைச் சூழ வைத்துப் பார்க்கையில் தீவு என்னும் பொருள் நெஞ்சைத் தொடுகிறது. வெள்ளத்தின் நடுவே காலூன்ற ஓரிடம் வேண்டும். அதனை எவரும் கொணர்ந்து தரமாட்டார். நீயே ஆகுக என்கிறார் பகவான். தீவு என்பது தன்மேல் தான் மட்டும் நிற்பதன்று. நீந்தி வரும் எவரும் அதில் ஏறலாம்.

ஆதலின் நம் திரிசரணம் மீட்பரை அழைக்கும் கூக்குரல் அன்று. புத்தரைச் சரணடைகிறேன் என்பது விழித்திருப்பேன் என்பது. தம்மத்தைச் சரணடைகிறேன் என்பது அஞ்சிய நேரத்திலும் சீலத்தை விடேன் என்பது. சங்கத்தைச் சரணடைகிறேன் என்பது பிறர்க்குக் கரையாவேன், பிறரிடத்தும் கரையேறுவேன் என்பது. மூன்றாவதை நாம் மறந்துவிடுகிறோம். அன்று அவ்விளைஞன் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் ஒரு பகல் முழுவதும் தனியே இருந்தான். நம்மில் ஒருவரும் அங்குச் செல்லவில்லை. அவனுக்கு அழைக்க ஒரு பெயரில்லை என்பது அவன் குறையன்று, நம் குறை. அவன் தயங்காது அழைத்திருக்கக்கூடிய பெயர்கள் நம்முடையவை. இதனைச் சொல்ல நாணுகின்றோம். எனினும் சொல்லாமல் விடுவது அறமாகாது. இனி நம் அன்பர் எவர் வீட்டில் நோயோ இழப்போ நேரினும் அன்றைய பொழுது சாய்வதற்குள் நம்மில் இருவரேனும் அவரருகே சென்று அமர்தல் வேண்டும். பஞ்சசீலம் ஓதுவதற்கு முன்பே இது செய்யத்தக்கது.

அவன் தாயார் நலமுற்று வீடு திரும்பினார். இதனை நம் சமயத்துக்குச் சான்றாகக் காட்டமாட்டோம். அவர் திரும்பாதிருந்தாலும் மேலே சொன்னவற்றில் ஒரு சொல்லையும் மாற்றியிருக்கமாட்டோம்.

“தம்பி, அந்தத் தேங்காயை என்ன செய்தாய்?” என்று விடைபெறும்போது கேட்டோம்.

அவன் சற்றே கூசினான். அன்றிரவு அடுத்த கட்டிலில் இருந்த முதியவளுக்குத் துணையாக வந்தவர் எவருமில்லையாம். அவளுக்குக் கஞ்சி மட்டும் கிடைத்தது, தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. அவன் வீட்டுக்குச் சென்று அத்தேங்காயை உடைத்துத் துவையல் அரைத்துக்கொண்டு வந்து அவளுக்குக் கொடுத்தான். அவள் உண்டு முடிக்கும்வரை அருகில் இருந்தான். அந்த நேரம் மட்டும் தனக்கு அச்சமில்லாதிருந்தது என்றும், அதன் காரணம் விளங்கவில்லை என்றும் சொன்னான்.

காரணத்தை இப்போது அவன் அறிவான். நாமும் அறிவோமாக.

எல்லா உயிரும் இன்புற்றிருக்க! கடலிலும் கரையிலும் தனித்து நிற்போர் அனைவரும் துணை பெறுக!